எல்லிஸ் போன வழி

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அந்தப் பட்டத்தில் பாதி டெல்லா பெரியம்மாவுடையது. குளோப் ஊர் விடுதியில் படுக்கை விரிப்பு துவைத்துத்தான் என்னைப் படிக்க அனுப்பினாள்.

நாங்கள் யாவபாய், அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஒரு ஜனம். பெரியம்மாவை மட்டும் அப்பாச்சி என்ற வேறு குடியினரே தங்களில் ஒருத்தி என்று நினைத்தார்கள். சான் கார்லோஸ் முகாமில் ஒரு காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்தார் இரண்டு ஜனத்தையும் ஒன்றாக அடைத்து வைத்திருந்தார்கள். கலந்துபோன பிறகு யார் என்ன என்று அங்கே கேட்பாரில்லை. பெரியம்மா இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட ஹார்வி ஒரு அப்பாச்சி. அவர் இறந்த பிறகும் சான் கார்லோஸில் அவர் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

வெர்டே ஆற்றங்கரையில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா சீண்டுவாள்: "ஏன்க்கா, கனவுலயாவது நம்ம பாஷை பேசுவியா?"

"எல்லிஸ் வர்றப்ப பேசுவேன்டி."

எல்லிஸ் முதல் கணவனுக்குப் பிறந்த பிள்ளை. மூன்று வயதில் காய்ச்சலில் போனான். எங்கள் வழக்கப்படி எரித்தோம்.

"என்னையும் தீயிலதான் அனுப்பணும். குழிக்குள்ள போட்டா பிள்ளைய எங்கேன்னு தேடுவேன்?" என்பாள்.

"இதை அங்க சொல்லிவச்சியா?"

"செத்தவங்க பேரை அந்த வீட்டுல எடுக்க மாட்டாங்கடி. எப்படிச் சொல்றது?"

ஆற்றில் வெள்ளம் வந்து சாலையை அறுத்த வாரம் அவள் இறந்தாள். நானும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது புதைத்தாகிவிட்டது. அவர்கள் வழக்கப்படி அவள் துணிமணிகளைக்கூட எரித்துவிட்டிருந்தார்கள்.

"டெல்லாவ எங்க வச்சிருக்கீங்க?" என்றாள் அம்மா.

பெயரைக் கேட்டதும் ஹார்வியின் தங்கை வில்மா பதறிப்போனாள். "பேர் சொல்லாதம்மா, போனவங்க திரும்பிப் பார்ப்பாங்க."

"அவ யாவபாய், வில்மா. அவளுக்கு ஒரு பிள்ளை இருந்தான். தீயில போனவன்."

வில்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அண்ணி ஒரு வார்த்தை சொல்லலியே. எங்க பொண்ணுன்னுதானே... எங்கம்மா பக்கத்துல வச்சோம். நல்ல இடம்."

குழியைத் தோண்டக் கேட்க முடியாது. அவர்கள் அந்தப் பக்கமே இனிப் போகமாட்டார்கள். அவர்கள் செய்தது அத்தனையும் பாசத்தில் செய்தது. யாரைத் திட்டுவது?

விளிம்பு தைக்கச் சொல்லி பெரியம்மா எங்கள் வீட்டில் விட்டுப்போன பாவாடை ஒன்றுதான் மிச்சம். ஆற்றங்கரையில் அம்மா அவளுக்குப் பதிலாக அதையாவது தீயில் வைத்தாள். பாதி எரியும்போதுதான் அது உறைத்தது அவளுக்கு.

"இது அப்பாச்சி தையல்டா," என்றாள். "அவ இதைக் கட்டி எல்லிஸ் பார்த்ததே இல்லை. அவனுக்கு எப்படிடா அடையாளம் தெரியும்?"