இருபத்தைந்தாவது பெயருக்குக் கீழே

பகலவன் யாரென்று தியாகதுருகத்தில் கேட்டால் யாருக்கும் தெரியாது. என் ஜெராக்ஸ் கடை மாடியில் குடியிருக்கும் மலைக்காரன், எந்நேரமும் கம்ப்யூட்டர் தட்டுபவன், அவ்வளவுதான். அவன் அப்பா இருசப்பனுக்குக் கல்வராயன் மலையில் கூலி வேலை. அங்கே சிக்னல் கிடைக்காது என்றுதான் மகன் கீழே இறங்கி வந்தான்.

அவன் செய்து வைத்திருப்பது, இணையதளங்களில் பட்டியல் காட்டுகிற ஓர் அட்டவணை. தலைப்பைத் தட்டினால் வரிசை மாறும், பெயரைத் தேடலாம், வேண்டாத பத்தியை மறைக்கலாம். மேற்கொண்டு என்ன வசதி வேண்டுமோ, அதற்கான நிரலை அவரவரே எழுதி அதோடு ஒட்டிக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் சும்மாவே எடுத்துத் தங்கள் தளத்தில் பொருத்தலாம். எந்தெந்த நாட்டுக்காரனோ பொருத்தியிருக்கிறான். இவன் மதியச் சாப்பாட்டுக்கு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

அவன் தங்கை ராதிகா பிளஸ் டூ முடித்து, ஓர் அறக்கட்டளையின் இலவச நர்சிங் படிப்புக்கு எழுதியிருந்தாள். மொத்தம் நாற்பது இடம். முடிவு வந்த காலையில் இவன் மாடிப்படியிலிருந்தே கத்தினான்.

"நவுஷாத் பாய், லிஸ்ட்ட நீங்களே பிரிண்ட் போட்டு பஸ்ல குடுத்துடுங்க. இன்னிக்குப் புது வெர்ஷன் விடணும், தலைக்கு மேல வேலை கீது."

மலைக்கு எந்தப் பட்டியலும் அப்படித்தான் போகும். நான் அச்சடிப்பேன், கண்டக்டர் கொண்டுபோவார், டீக்கடைச் சுவரில் ஒட்டுவார்கள். அன்று ஒரே தாள்தான் வந்தது. ராதிகா பெயர் இல்லை. நாற்பது இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றியதா? இல்லை. "பேரு இல்லடா" என்றேன். முகம் சுருங்கி, மறுபடி வேலைக்கே போய்விட்டான்.

ராதிகா இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். அந்த வாரமே திருப்பூர் மில்லுக்குப் போனாள்.

மூன்று வாரம் கழித்து, தன் அட்டவணையை யார் யார் பொருத்தியிருக்கிறார்கள் என்று பார்த்தவன் கீழே ஓடிவந்தான். அந்த அறக்கட்டளையும் அதில் இருந்தது. அட்டவணை ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து பெயர்தான் காட்டும். அச்சிலும் அந்தப் பக்கம் மட்டும்தான் வரும். அடியில் பொடியாக இருந்த '2' என்ற பக்க எண்ணைத் தட்டினால், முப்பத்து மூன்றாவதாக இ. ராதிகா. சேர வேண்டிய கடைசி நாள் போய் ஐந்து நாளாகியிருந்தது. போன் போட்டோம். மெசேஜ் அனுப்பினோமே, ஆள் வரவில்லையே, அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள்.

பகலவன் திரையை என் பக்கம் திருப்பினான். அச்சில் எல்லாப் பெயரும் வரவேண்டும் என்று எவனோ இரண்டு வருடம் முன்பே அவனுக்கு எழுதியிருந்தான். வேண்டியவர்கள் எழுதி ஒட்டிக்கொள்ளலாம் என்று இவன் பதில் போட்டிருந்தான்.

"எங்க மலைல யாரு பாய் எழுதி ஒட்டுவாங்க?" என்றான்.

அன்றே திருத்தினான். நாலே வரி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அறைந்திருப்பேன். பாதிக் குற்றம் என்னுடையது, கை எழவில்லை.

மில்லில் ஞாயிறு மட்டும்தான் போன் கொடுப்பார்கள். ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததை அவளிடம் சொன்னான்.

"எத்தினாவதுண்ணா?"

"முப்பத்தி மூணு."

"அப்ப எனக்குக் கெடச்சுதான் இருந்துச்சா?" என்றாள். அந்தக் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதைத்தான் எங்கள் இருவராலும் தாங்க முடியவில்லை.