சட்டையில் பார்த்த சிவப்பு

அய்யலூர் சந்தையில் ஆடு வாங்கி விற்பவன் நான். தொண்ணூறுகளில் ஒரு சந்தை நாளன்று, பக்கத்து ஓடையில் ஒரு வியாபாரியைக் குத்திக் கொன்றிருந்தார்கள். அன்று விடியும்போது ஓடைப் பக்கமிருந்து சக வியாபாரி மாரியப்பன் வேகமாக வந்ததைப் பார்த்தவன் நான் மட்டும்தான்.

"சட்டையெல்லாம் ரத்தம் சார்" என்று போலீசிடம் சொன்னேன். அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் வாரம், வாங்கிய ஆடுகளுக்கு அடையாளமாகச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். கிடாய் ஒன்று திமிறியதில் சாயம் என்மேல் கொட்டியது. டீக்கடைக்காரர் பதறிப்போய், "என்னப்பு, இம்புட்டு ரத்தம்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாரியப்பனும் சிவப்புதான் பூசுவான். சொன்னதை மாற்றினால் போலீஸ் என்மேல் பாயுமே என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

பதினோரு மாதம் கழித்து, திண்டுக்கல் கோர்ட்டில் வக்கீல் கேட்டபோதுதான், "சாயமாவும் இருக்கலாம்ங்கய்யா" என்றேன். விடுதலையாகி வெளியே வந்த மாரியப்பன் என்னிடம் ஒன்றுதான் கேட்டான்.

"நீயும் சாயம் பூசுறவன்தானேய்யா?"

கொன்றவன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. அது சாயம்தான் என்று என்னால் இப்போதும் சத்தியம் செய்ய முடியாது. ரத்தம் என்று மட்டும் அன்றைக்கு எப்படி அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்?