துண்டுக்குள் ஒரு எடைக்கல்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பேனா பிடிப்பதைவிட மூட்டை பிடிப்பது எனக்குச் சுலபம். அதோடு, ஊரில் ஒருத்தரை விடாமல் கிண்டல் செய்து பழகியவன் தன் கதையைச் சொல்ல உட்கார்ந்தால் கை நகர மாட்டேன் என்கிறது.

திருவண்ணாமலையில் ஒரு மணிலாக் கொட்டை (வேர்க்கடலை) மண்டியில் மூட்டை தூக்குகிறேன். என் நண்பன் வேங்கிக்கால் போகும் வழியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறான். எங்கள் தெருவில் இப்போதுதான் ஒரு வீட்டுக்கு டி.வி. வந்திருக்கிறது, அதைப் பார்க்கவே ஜன்னலில் தொங்குகிறோம். இவன் என்னடாவென்றால் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு விமானம் கட்டிக்கொண்டிருந்தான். லாட்ஜில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன புத்தகத்தில் படம் இருந்ததாம். எஞ்சின் பழைய காருடையது. உடம்புக்கூடு முடிந்து, றெக்கைக்கு வந்திருந்தான்.

றெக்கை என்றால் மரச் சட்டம்தான். நீளமாக ஒரு முதுகுக்கட்டை, அதில் மீன் முள் மாதிரி வரிசையாக விலாக்கட்டைகள். மேலே துணி போர்த்திப் பசை தடவிவிட்டால் முடிந்தது. அப்புறம் உள்ளே எதுவும் வைக்க முடியாது. ஆகவே கூடுதலாக என்ன வேண்டுமோ அதை முன்பே முடிவு செய்ய வேண்டும். தரையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தான். முதுகுக்கட்டைக்கு வலு சேர்க்க, அதன் மேல் ஒட்ட இன்னொரு பலகை. றெக்கை நுனிகளில் வைக்க இரண்டு விளக்குகள், பழைய சாமான் கடை பாயிடம் வாங்கியவை. அவற்றுக்கு ஒயர், ஒரு பேட்டரி.

"அந்த எஞ்சினு இவ்ளோ கனத்ததான் தூக்கும்டா. ஒண்ணு வச்சா ஒண்ண எடுக்கணும்" என்றான்.

அதனால் ஒவ்வொரு சாமானையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கள் மண்டிக்கு வந்தான். மூட்டை நிறுக்கும் தராசில் விளக்கை வைத்தான், பலகையை வைத்தான். கடைசியில் என்னைப் பார்த்து, "நீயும் ஏறி நில்லு" என்றான்.

"இன்னாடா, எனக்குத் துலாபாரமா? எடைக்கு எட வெல்லம் குடுப்பியா?"

"ஏறுடா."

எதற்கு என்று கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, விளையாடத்தான் தோன்றியது. அஞ்சு கிலோ எடைக்கல்லைத் துண்டில் சுற்றி, இரண்டு கையாலும் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, ஊர்ப் பெரிய மனிதன் மாதிரி நிமிர்ந்து நின்றேன். மண்டிக்காரனுக்கு இதெல்லாம் சொல்லித் தரவா வேண்டும்? நண்பன் எனக்கு முன்னால் குனிந்து தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பின்னால் மூட்டைக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"பாத்தா ஒல்லியா கீற. இவ்ளோ கனமா?"

"எல்லாம் மூளைடா."

அவன் சிரிக்கவில்லை. முகம் வாடிப்போய் சாமான்களைக் கட்டிக்கொண்டு போனான்.

அடுத்த முறை கொட்டகைக்குப் போனபோது முதுகுக்கட்டையில் பலகை ஒட்டியிருந்தது. விளக்குகளும் பேட்டரியும் மூலையில் சாக்கின் மேல் கிடந்தன. கிண்டலுக்கு எனக்கு வாய் ஊறியது. அன்று சாயங்காலம் டீக்கடையில் அவனையும் வைத்துக்கொண்டே அத்தனை பேருக்கு நடுவில் ஆரம்பித்தேன்.

"நம்மாளு பிளேன் கட்டலப்பா, மாட்டு வண்டி கட்டறான். கட்டைக்கு மேல கட்டை. ரெண்டு எருது கட்டி இழுத்தா ஒருவேள பறக்கும்!"

பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் டீயைக் குடித்து, கிளாசைக் கழுவி வைத்துவிட்டு, "நாளைக்குத் துணி ஒட்டப் போறேன், கூட ஒரு ஆளு புடிக்கணும். வாடா" என்று மட்டும் சொன்னான்.

போனேன். பசை டப்பாவைத் திறந்து கலக்கிக்கொண்டிருந்தான். துணி சட்டத்தின் மேல் விரித்துக் கிடந்தது. அவன் அம்மா சுவரைத் தடவிக்கொண்டே காபி கொண்டு வந்தார். அவருக்குக் கண் மங்கி வருஷங்கள் ஆகின்றன. ஆள் முகம் தெரியாது. வெளிச்சம் மட்டும் தெரியும்.

"நீயாவது இவனுக்குச் சொல்லுப்பா. மல மேல தீபம் ஏத்துனா எனக்குத் தெரியுது. அது மாதிரி றெக்கையில வெளக்கு வெச்சிக்கினு பொழுது சாயறப்போ பறக்கறேன், நீ மாடியில நின்னு பாருன்னு சொன்னான். இப்ப வெளக்கே வேணாங்கறான்."

"கனம் ஜாஸ்தியாப் போச்சும்மா. பேட்டரிக்கு எடம் இல்ல" என்றான் அவன்.

"அந்தப் பலகய எடுத்துட்டு வெளக்க வைக்கிறதுதானே?" என்றேன் நான், பெரிய மேதாவி மாதிரி.

"பலகய எடுத்தா ரெண்டு பேர் எப்பிடிடா ஏறுறது?"

"ரெண்டாவது ஆளு யாரு?"

பசை கலக்கும் குச்சியை நிறுத்தாமலே சொன்னான். "நீதான். தனியா மேல போனா பயந்துடுவேன்டா. நீ பக்கத்துல ஒக்காந்து எதுனா ஒளறிக்கினே இருந்தா கீழ பாக்க மாட்டேன். அதான் அன்னிக்கு நிறுத்துப் பாத்தேன். நீ கொஞ்சம் கம்மியா இருந்திருந்தா வெளக்கும் வந்திருக்கும். அதுக்கு நீ இன்னா பண்ணுவ."

காபி டம்ளர் கையில் இருந்தது. குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் தெரியவில்லை. டீக்கடையில் நான் மாட்டு வண்டி என்று சொன்ன அந்தப் பலகை என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. என்னைத் தாங்கத்தான் அது. மூலையில் சாக்கின் மேல் இருந்த பேட்டரியைப் பார்த்தேன். அதைத் தூக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மூட்டை தூக்குகிறவனுக்குப் பார்த்தாலே கனம் தெரியும். என் துண்டுக்குள் இருந்த கல்லுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

அம்மா வெயில் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார். அவன் பசையில் பிரஷ்ஷைத் தோய்த்தான். "துணிய இழுத்துப் புடி" என்றான்.

ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்கு வராத ஒன்று உண்டென்றால் அன்று அதுதான், வேடிக்கை. துணியைப் பிடிக்காமல் அதைச் சுருட்டி ஓரமாகத் தள்ளினேன்.

"என்னடா பண்ற?"

"அன்னிக்குத் தராசுல நான் மட்டும் நிக்கலடா."

"பின்ன?"

"துண்டுல அஞ்சு கிலோ கல்லு இருந்துச்சு. சும்மா... வெளையாட்டுக்கு."

பிரஷ்ஷிலிருந்து பசை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. மண்டியில் என் பின்னால் சிரித்தவர்கள், டீக்கடையில் சிரித்தவர்கள் எல்லாரும் அந்தக் கொட்டகைக்குள் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. இந்தத் தடவை என்னைப் பார்த்து. அம்மாவுக்கு என் முகம் தெரியாது என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே நிம்மதி. அப்படி நினைத்ததற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

"நான் வரல. என் எடத்துல வெளக்க வை. பலகயக்கூட நானே பேத்துத் தரேன். அம்மாகிட்ட நானே சொல்றேன். நாளைக்கு டீக்கடையில எல்லார் முன்னாலயும்..."

நான் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தேன். அவன் பசை டப்பாவை மூடினான். மூலைக்குப் போய் பேட்டரியைத் தூக்கி வந்து, சட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தான். பலகையைத் தொடவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்:

"வாய மூடிக்கினு அந்த ஒயர எடுடா."