இழுப்புக்கை டீச்சர்

மார்ச் 9: முன் டயர், இடது. 3,850.
ஜூன் 2: முன் டயர், இடது. 3,900.
ஆகஸ்ட் 27: முன் டயர், இடது, பழையது. 1,400.
இதே காலத்தில் வலது டயருக்கு: செலவில்லை.

இவை என் தங்கையின் காருக்கு ஆன செலவுகள். பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றை அவள் நடத்தினாள். பள்ளி என்றால் ஒரு பழைய கார், வீட்டு முன்னறையில் ஒரு மேசை, சாலைக் குறிகள் வரைந்த ஒரு பலகை. கணவர் இறந்த பிறகு அவளுக்கு மிஞ்சிய சம்பாத்தியம் அது ஒன்றுதான்.

அவளுக்கு மறக்கும் பழக்கம் கிடையாது. கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையின் கையை ஒரு தையல்காரர் குட்டையாக வெட்டிவிட்டார். அவர் கடை இருந்த சந்து வழியாகப் போனால் சந்தைக்குப் பாதித் தூரம் மிச்சம். இருபது வருடமாக அவள் சுற்று வழியில்தான் போகிறாள். "அந்தாளு செத்தே போயிட்டாரும்மா, கடையும் இப்ப செருப்புக்கடை" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "சுவர் அதே சுவர்தானே?" என்றாள்.

அவள் கணவரும் அவருடைய அண்ணனும் ஒரே வருடம் ஒரே மாதிரிக் கார் வாங்கியவர்கள். நாங்கள் அத்தான் என்று கூப்பிடும் அந்த அண்ணன் பட்டறை வைத்திருந்தார். எங்கள் பகுதியில் வாகனங்களைச் சோதித்துச் சான்று தர அலுவலகம் அங்கீகரித்த பட்டறை அது மட்டுமே. எதற்கும் பெயிண்ட் அடிக்கும் கிறுக்கு அவருக்கு உண்டு. பட்டறையின் இரும்புக் கதவுக்கு வாங்கிய பச்சை டப்பாவைத் திறந்தால், கையில் இருக்கும் இரும்பு எதுவானாலும் பச்சையாகிவிடும்.

அந்த டயர் செலவுகளுக்கு முந்தைய டிசம்பரில் அவர் தன் காரைச் சாலையின் இடது ஓரத்தில் இருந்த கட்டைமேல் ஏற்றிவிட்டார். அந்த மாதிரிக் காருக்கு உதிரிப் பாகம் வருவது நின்று பல வருடம் ஆகிறது. ஆனாலும் ஒரே வாரத்தில் அவர் கார் பழையபடி ஓடியது. அதே வாரம்தான் என் தங்கையின் கார் வருடாந்தரச் சான்றுக்காக இரண்டு நாள் அவர் பட்டறையில் நின்றது. அப்போது எங்களில் யாரும் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கார் இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் போதும், ஓரத்துக் கல்லை நோக்கிப் போகும். இடது டயரின் வெளி விளிம்பு மட்டும் தேய்ந்து நூல் தெரிந்தது. மூன்று முறை அவரிடமே கொண்டுபோனாள். மூன்று முறையும் அலைன்மென்ட் பார்த்துச் சரி என்று அனுப்பினார். கடைசி முறை, டாக்சிக்காரர்கள் ஐந்தாறு பேர் டீ குடித்துக்கொண்டு நிற்க, சத்தமாகச் சொன்னார்:

"வண்டி இழுக்கலை அம்மாடி. உன் கைதான் இழுக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். அன்று முதல் டாக்சி நிறுத்தத்தில் அவளுக்கு 'இழுப்புக்கை டீச்சர்' என்று பெயர்.

ஆகஸ்ட் கடைசியில் அவளிடம் படித்த இரண்டு பெண்கள் ஒரே நாளில் ஓட்டுநர் தேர்வில் தோற்றார்கள். இரண்டு பேருமே இடது கோட்டைத் தாண்டினார்கள். குறை வண்டியிலா, கற்றுக்கொடுத்தவரிடமா என்று அதிகாரி பட்டறையைக் கேட்டார். 'வண்டியில் குறையில்லை' என்று அத்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். பள்ளியின் அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. வருட முடிவுக்குள் தகுந்த விளக்கம் தராவிட்டால் ரத்து.

அன்று சாயங்காலம் அவள் அழவில்லை. காரைக் கொட்டகையில் விட்டு, ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பித் தரையின் மட்டம் பார்த்தாள். தாழ்ந்த மூலையில் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்தாள். நான் தூக்குக்குண்டைப் பிடித்தேன். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் நூல் இறங்கிய இடத்தில் அவள் சாக்கட்டியால் புள்ளி வைத்தாள்.

முன்சக்கரம் நேராக ஓட மூன்று கோணங்கள் ஒத்துப்போக வேண்டும். மேலிருந்து பார்த்தால் அது உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு ஒன்று. முன்னால் நின்று பார்த்தால் தெரியும் சாய்வு இன்னொன்று. சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருப்பது மூன்றாவது. அத்தான் முதல் கோணத்தை மட்டும் திருகித் திருகி அனுப்பியிருந்தார். இடது சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்திருந்தது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம், வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் ஒரு விரல் அளவு குறைவு. சக்கரத்தைக் கீழே தாங்கும் ஆர்ம் வளைந்து, சக்கரத்தையே பின்னால் தள்ளியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அவள் டார்ச்சோடு காருக்கு அடியில் படுத்தாள்.

"அண்ணா, நம்ம வண்டிக்கு அடியில எப்பவாவது பெயிண்ட் அடிச்சோமா?"

"இல்லையே."

"வலது ஆர்ம் வெறும் கறுப்பு. இடது பச்சை."

வெளியே வந்தபோது அவள் முகத்தில் இருந்ததைச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை காலை பட்டறையில் கூட்டமாக இருக்கும். அதற்காகவே சனிக்கிழமை வரை பொறுத்திருந்தாள். நானும் போனேன்.

"அத்தான், உங்க வண்டியைக் குழிமேல ஏத்துங்களேன். அடியில ஒண்ணு பார்க்கணும்."

"என் வண்டியிலயா? எதுக்கு?"

"என் கை இழுக்குதுன்னீங்க. கண்ணாவது நேரா இருக்கான்னு பார்த்துக்கறேன்."

டாக்சிக்காரர்களுக்கு அது போதும். "ஏத்துங்கண்ணே, டீச்சர் ஆசைப்படறாங்க" என்று ஒருவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு காரைக் குழிமேல் நிறுத்தியேவிட்டார். மூன்று தலைகள் குழிக்குள் எட்டிப் பார்த்தன. வலது ஆர்ம் பச்சை. இடது ஆர்ம் வெறும் கறுப்பு.

"கழட்டி மாட்டினேன். பெயிண்ட் அடிக்க மறந்துட்டேன்" என்றார் அத்தான்.

"நீங்க மறந்தீங்களா? போன வாரம் என் ஜாக்கிக் கைப்பிடிக்கே பச்சை அடிச்சிட்டீங்க. இன்னும் உள்ளங்கைல ஒட்டுதுண்ணே!" என்றார் ஒரு டாக்சிக்காரர்.

இந்த முறை சிரிப்பு அவள் பக்கம் இருந்தது. அத்தான் குரலைத் தாழ்த்தினார். "அம்மாடி, குடும்ப விஷயம். உள்ள வந்து பேசலாம்."

"பேசலாமே. முதல்ல கழட்டுங்க."

வேலையாட்களைத் தொட விடவில்லை. அவரையே குழியில் இறக்கினாள். மேலே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். போல்ட் இறுகியிருந்தது. ஸ்பானர் வழுக்கி அவர் விரல் முட்டியில் தோல் பெயர்ந்தது.

"பார்த்து அத்தான், கை இழுத்துடப் போகுது."

ஆர்ம் வெளியே வந்தது. அடுத்து அவள் ஒரு தாளை நீட்டினாள். இத்தனை சாட்சிகள் நிற்க வேறு வழியில்லாமல், ஆர்மை மாற்றியதையும், தெரிந்தே 'குறையில்லை' என்று சான்று கொடுத்ததையும் அவர் எழுதினார். கையெழுத்தின் மேல் விரல் ரத்தம் கொஞ்சம் பட்டிருந்தது. "இதை அலுவலகத்துல குடுத்துடாதம்மா, அங்கீகாரம் போயிடும். அப்புறம் நான் கதவைச் சாத்த வேண்டியதுதான்" என்றார். அவள் தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

அடுத்த வாரம் தன் ஆர்மைத் தானே மாட்டினாள். வளைந்த பச்சை ஆர்மை அத்தானுக்கு டாக்சிக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். ஷிம் என்னும் மெல்லிய இடைத்தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் சாய்வைச் சரிசெய்தாள். முதல் கோணத்தைக் கடைசியாக வைத்தாள். மற்ற இரண்டையும் தொட்டால் அது தானாக மாறிவிடும் என்றாள். மாலை வேளைகளில் நான் நூல் பிடித்தேன்.

மறுசோதனையின்போது அதிகாரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். மட்டமான நேர்ச்சாலையில் அவள் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கார் கோட்டைவிட்டு அசையவில்லை.

"போதும்மா. வண்டி சரியாயிடுச்சுன்னு எழுதிடறேன். அனுமதி வந்துடும்" என்றார்.

அங்கேயே விட்டிருக்கலாம். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பின்சீட்டில் இருந்த நான்கூட அப்படித்தான் நினைத்தேன். அவள் பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தாள்.

"சரியாயிடுச்சுன்னு மட்டும் எழுதினா, என் கை இப்பதான் சரியாச்சுன்னு ஆயிடும் சார். இதையும் சேர்த்து வைங்க."

அதன்பின் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். பெரியவர் வயதைப் பார், ஊர் சிரிக்கிறது, தாளைத் திரும்ப வாங்கு என்றார்கள். ஒருநாள் அத்தானே வாசலில் வந்து நின்றார். அவள் உள்ளே ஒரு பெண்ணுக்குக் கியர் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாடம் முடியும்வரை அவரை உட்காரச் சொல்லவில்லை.

"தம்பி பெண்டாட்டிம்மா நீ."

"டிசம்பர்ல ஆர்மைக் கழட்டும்போதும் தம்பி பெண்டாட்டிதானே அத்தான்?"

அவர் படியிறங்கிப் போனார். தளர்ந்துதான் போனார். எனக்குப் பரிதாபம் வரவில்லை. வந்ததாக எழுதினால் பொய்.

அலுவலகத்திலிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. முதலாவது பள்ளிக்கு அனுமதி திரும்பத் தந்தது. இரண்டாவது விசாரணைக்கு அழைத்தது. அவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனாள். மூன்றாவது பட்டறையின் அங்கீகாரத்தை ரத்து செய்த உத்தரவின் நகல். அதை என்னைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். பட்டறையின் பெயர் வரும் வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். அது வந்தது டிசம்பர் 4, வியாழக்கிழமை.