தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

கன்னியப்பன் என் பெரியப்பாவின் மகன். பிறந்தது 1938. முதலியார்பேட்டையில் பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் வாழ்ந்தார். மனைவி அஞ்சலாட்சி. பிறந்த பிள்ளைகள் மூன்று, மூன்றும் ஆண். முதற்பிள்ளை ஜானகிராமன் 1966இல் தன் ஏழாம் மாதத்திலும், இரண்டாவது பிள்ளை கண்ணையன் 1968இல் தன் எட்டாம் மாதத்திலும் காய்ச்சலில் இறந்தன. அந்த ஆண்டுகளில் அதே வரிசையில் வேறு வீட்டுக் குழந்தைகளும் காய்ச்சலில் இறந்தன என்பதையும் சேர்த்து எழுதுவதே நியாயம்.

ஆனால் கன்னியப்பன் வேறொன்றைக் கவனித்திருந்தார். என்னிடம் ஒருமுறைதான் அதைச் சொன்னார். அதையும் வீட்டில் சொல்லவில்லை. தெருமுனைவரை அழைத்துவந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அதுவரைக்கும் பேர் சொல்லித்தான் கூப்ட்டுக்கினு இருந்தேன். அன்னிக்கு வேல முடிஞ்சி வந்து வாசப்படியில நின்னு 'எம் மவனே'ன்னேன். திரும்பிப் பாத்து சிரிச்சான். சாயங்காலமே ஒடம்பு சுட்டுது. ரெண்டாவதுக்கும் அதேதான். அதே படி, அதே சிரிப்பு. நான் கூப்புடறத ஏதோ ஒண்ணு கேட்டுக்கினே நிக்குதுடா."

மூன்றாவது பிள்ளை 1971 ஆடியில் பிறந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளை தங்காத வீடுகளில் என்ன செய்வார்களோ அதையே இவர்களும் செய்தார்கள். அடுத்த வீட்டு ஆதிலட்சுமி, பிள்ளையில்லாத கைம்பெண், ஒரு முறம் தவிடு கொடுத்துக் குழந்தையை வாங்கிக்கொண்டு, தன் குலசாமி பெயரால் பாவாடை என்று பெயரிட்டார். அன்றுமுதல் அது அவர் பிள்ளை, பெற்றவர்கள் அயலார். தேடி வருவது எதுவானாலும் அந்த வீட்டுப் பிள்ளை இதுவல்ல என்று ஏமாந்து திரும்பிவிடும் என்பது நம்பிக்கை. பன்னிரண்டு வயது முடிந்ததும் கோயிலில் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம். ஆனால் வாங்கியவர் தம் கையாலேயே திருப்பித் தரவேண்டும்.

மற்ற வீடுகளில் இந்த வழக்கம் பெயரளவில் நின்று, குழந்தை நடக்கத் தொடங்கியதும் மறந்துபோகும். கன்னியப்பன் மறக்கவில்லை.

1975இல் அஞ்சலாட்சி மஞ்சள் காமாலையில் இறந்தார். ஆதிலட்சுமிக்குப் பார்வை மங்கிவிட்டிருந்தது. ஆகவே பிள்ளையை வளர்த்தது முழுவதும் கன்னியப்பன்தான். குளிப்பாட்டுவது, பேன் பார்ப்பது, சட்டைக்குப் பொத்தான் தைப்பது, புகை மண்டிய குசினியில் சோறாக்குவது எல்லாம் அவரே செய்தார். பள்ளிக்குக் கிளம்பும்போது மட்டும் அடுத்த வீட்டைப் பார்த்து உரக்கச் சொல்வார்:

"ஆதிலட்சுமிக்கா, ஒங்க புள்ளய இட்டுக்கினு போறேன்."

"பாத்து இட்டுக்கினு போ. எம் புள்ள எளச்சிப் போச்சி. சோறு போடறியா, எல்லாத்தயும் நீயே துன்னுடறியா?"

வரிசையே சிரிக்கும். எதிர்வீட்டுச் சுலோசனா விடமாட்டார். "அடுத்தவ புள்ளைக்கு இவ்ளோ பேன் பாக்கற ஆம்பளய நான் பாத்ததேயில்ல."

"வாடகைக்குப் பாக்கறேன்" என்பார் கன்னியப்பன்.

அந்தச் சிரிப்பு வாசலோடு நின்றது. ஒரு மழைநாளில் அவர்கள் வீட்டில் ஒதுங்கியிருந்தேன். கதவு சாத்தியிருந்தது. கேட்பதற்கு எங்களைத் தவிர யாருமில்லை. அப்போதும் அவர் அந்த ஏழு வயதுப் பிள்ளையிடம், "தம்பி, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்கிறீங்களா?" என்று கேட்டார். "போதும் மாமா" என்றான் பாவாடை. இருவர் குரலிலும் விளையாட்டு இல்லை. பரிமாறும்போது கன்னியப்பன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். கதவுக்கு அடியில் மழைத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது, வேறொன்றும் இல்லை.

பாவாடைக்கு எல்லாம் தெரியும். ஒருநாள் கேட்டான்: "கோயில்ல திருப்பிக் குடுத்துட்டா அப்புறம் என்னிய என்னான்னு கூப்புடுவீங்க?"

"அப்ப பாத்துக்கலாம் தம்பி."

1983 பிறந்ததிலிருந்தே அவர் ஆடிக்காகக் காத்திருந்தார். தவிடு வாங்கிப் பானையில் கட்டிவைத்தார். வேலை முடிந்து தனியே வரும்போது, ஒரே சொல்லை ஓசையின்றி உதட்டால் சொல்லிப் பழகிக்கொண்டே வருவதைச் சுலோசனா பலமுறை பார்த்திருக்கிறார்.

அந்த ஆனி மாதத்தில், தண்ணீர்க் குழாயடியில் விழுந்த ஆதிலட்சுமி எழவில்லை.

சுடுகாட்டில், கொள்ளி வைக்க அவருடைய பிள்ளையே இருக்கிறான் என்றார்கள். பாவாடை ஈர வேட்டியோடு தோளில் தண்ணீர்ப்பானையை ஏந்தி நின்றான். ஆதிலட்சுமியின் கொழுந்தனார் கோவிந்தசாமி நல்ல மனிதர். கன்னியப்பனைச் சற்றுத் தள்ளி அழைத்துவந்தார். நான் அருகில் இருந்தேன்.

"கன்னியப்பா, யோசன பண்ணிக்க. கொள்ளி வச்சிட்டா அவன் அவ புள்ளதான். செத்தவ வந்து திருப்பிக் குடுக்க மாட்டா. பத்து பேர் முன்னால 'எம் மவன்'னு ஒரு வார்த்த சொல்லிடு. பானைய நான் வாங்கிக்கறேன்."

"சொன்னா..."

"சொன்னா என்னா? மீச மொளைக்கப் போற பையன். யாரு தூக்கிக்கினு போயிடப் போறா?"

கன்னியப்பன் பிள்ளை நின்ற பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். அதே நேரத்தில் பாவாடையும் திரும்பிப் பார்த்தான். இத்தனை ஆண்டு காத்திருந்த சொல் வரப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. சிரித்தான்.

கன்னியப்பனின் உதடுகள் அந்தச் சொல்லுக்குக் குவிந்ததை நான் பார்த்தேன். ஓசை வரவில்லை. காற்று நின்றிருந்தது, சிதையில் செருகியிருந்த வைக்கோல்கூட அசையவில்லை. அங்கிருந்த அத்தனை பேரும் ஒன்றாகப் பேச்சை நிறுத்தியதற்கு எனக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

"ஆதிலட்சுமிக்கா புள்ளதான்" என்றார். "வைக்கச் சொல்லுங்க."

பாவாடை கொள்ளி வைத்தான்.

கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்காமல் வீடு சேரவேண்டும். மற்றவர்கள் குளிக்க நின்றுவிட்டார்கள். பாவாடை முன்னே நடந்தான். கன்னியப்பனும் நானும் பத்தடி பின்னால் நடந்தோம். பட்டப்பகல். சாலையில் வேறு எவரும் இல்லை.

"மாமா, வர்றீங்களா?" என்றான், திரும்பாமல்.

"வர்றேன் தம்பி."

சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டான். "எத்தினி பேரு வர்றீங்க?"

"ரெண்டு பேருதான்."

"மூணு பேரு நடக்கற மாதிரி கேக்குது."

கன்னியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "திரும்பாதீங்க தம்பி. நடங்க" என்றார். நாங்கள் இருவரும் நின்றோம். பிள்ளையின் காலடியைத் தவிர வேறு ஓசை எனக்குக் கேட்டதா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாததால் எழுதாமல் விடுகிறேன்.

அதன்பின்னும் அவர்கள் ஒரே வீட்டில் மாமாவாகவும் தம்பியாகவும் இருந்தார்கள். பானையில் இருந்த தவிடு புழுத்துப் போயிற்று.

1987இல் பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கிக் கன்னியப்பன் படுக்கையானார். கடைசி நாள் காலையில் என்னிடம் துண்டை நீட்டினார். "ஜன்னி கண்டா வாய் எம் பேச்ச கேக்காது. கட்டிடு." கட்டினேன். பாவாடையைத் தெருவுக்கு அனுப்பச் சொன்னார். அவன் எதிர்வீட்டு நிழலில் நின்றான். வாசல் வழியாக உள்ளே பார்க்க முடிகிற இடம் அது.

பிற்பகலில் பிதற்றல் தொடங்கித் துண்டு நழுவியது. "ஜானகிராமா, எம் மவனே" என்றார். "கண்ணையா, எம் மவனே" என்றார். மூன்றாம் முறை வாய் திறந்தபோது வாசற்படியைப் பார்த்தார். அங்கே எதைக் கண்டாரோ, தன் கையாலேயே வாயை மூடிக்கொண்டார். கை விலகியபோது மூச்சு நின்றிருந்தது.

கொள்ளி வைத்தவன் நான். வேறொருவர் பிள்ளை என்பதால் பாவாடையை விடவில்லை. கூட்டத்தின் பின்னால் நின்றான்.

அவர் அஞ்சியது வெறும் தற்செயலா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். தெரியாது என்பதே என் விடை. குடும்ப வரலாற்றில் அவருக்கு மூன்று பிள்ளைகள் என்றே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த வரியை யாருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டியதில்லை.

பாவாடை லாஸ்பேட்டையில் ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறான். காய்ச்சல் என்று இதுவரை ஒருநாளும் படுத்ததில்லை. வயது பதினெட்டு.