நூறு என்று எண் போட்ட உறை

சேக்காட்டுச் சபையில் என்னோடு ஒரே பாயில் உட்காரும் சகோதர சகோதரிகளுக்கு, ஒரு வேடிக்கையான இக்கட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் செத்துப்போன செய்தியை நானே எழுதி, முகவரியும் பின்கோடும் பிழையில்லாமல் போட்டு, என் மனைவிக்குப் போய்ச்சேரும்படி செய்தவன் நான். அது தபாலில் ஏறிய நாளில் உயிரோடுதான் இருந்தேன். அதை அவளிடம் சொல்லத்தான் வழியில்லை.

எல்லையில் சண்டை நடந்த மாதம் அது. நான் ராணுவ அதிகாரி. சிப்பாயாகச் சேர்ந்து, பரீட்சை எழுதி எழுதி, தலையில் முடி போன பிறகு தோளில் நட்சத்திரம் வந்தவன். போர்முனை அதிகாரி என்றதும் நீங்கள் கற்பனை செய்யும் ஆள் நான் இல்லை. முன்வரிசையில் இருப்பவர்களுக்குப் பருப்பும் கோதுமை மாவும் மண்ணெண்ணெயும் லாரியில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ஆனால் பருப்பு வருகிறதா பீரங்கி வருகிறதா என்று எதிரி பிரித்துப் பார்ப்பதில்லை. சாலையில் அசைவது எதுவானாலும் சுடுவான்.

முகாமுக்குப் போன அன்றே எல்லோருடைய கைப்பேசியையும் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். மிச்சம் கடிதம் மட்டும்தான். எங்கள் வீட்டில் கடிதத்துக்கு ஒரு சட்டம் உண்டு. என் மனைவி சுகந்தி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். பன்னிரண்டாவது பெட்டி பாஸ் ஆகாமல் பதின்மூன்றாவது பெட்டியைத் தொடமாட்டாள். கல்யாணமான புதிதில் நான் எழுதிய இரண்டு கடிதங்கள் முன்பின்னாகப் போய்ச் சேர்ந்தன. 'காய்ச்சல் விட்டுவிட்டது' முதலில் வந்தது. 'காய்ச்சல் நூற்றிமூன்று' மூன்று நாள் கழித்து வந்தது. குணமானவன் மறுபடி படுத்துவிட்டான் என்று அழுது தீர்த்திருக்கிறாள். அன்றிலிருந்து ஒவ்வொரு உறையின் பின்பக்க மூலையிலும் எண் எழுதி வட்டம் போட வேண்டும். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். வரிசை தவறி வந்த கடிதத்தைப் பிரிக்கமாட்டாள். "சீரியல் மாறினா ரிஜெக்ட்டுதான்" என்பாள். இருபது வருடமாக இதைச் சொல்லிச் சிரித்து, மெஸ்ஸில் எத்தனையோ சாயங்காலங்களை ஓட்டியிருக்கிறேன்.

அந்த முறை பதினாறு வரை எழுதியிருந்தேன். அப்போதுதான் முன்னால் இருந்த ஒரு முகாமுக்கு மூன்று லாரிகளைக் கொண்டுபோகும்படி உத்தரவு வந்தது. அந்தச் சாலையில் அதற்கு முந்தின நாள் போன வண்டி திரும்பவில்லை. இப்படிப் போகிறவர்கள் ஒரு கடைசிக் கடிதம் எழுதி, முகாமில் தங்குகிறவனிடம் கொடுத்துவிட்டுப் போவது எங்களிடையே வழக்கம். திரும்பி வந்தால் அவன் அதைக் கொடுத்துவிடுவான், நாமே கிழித்துப்போடுவோம். வராவிட்டால் தபாலில் சேர்ப்பான்.

நானும் எழுதினேன். என்ன எழுதினேன் என்று கேட்காதீர்கள். இருபது வருடத்தில் அவளிடம் சொல்லாததெல்லாம் இரண்டு பக்கத்தில் வந்துவிட்டது. உறையை ஒட்டிய பிறகு, பழக்கதோஷம், எண் போடப் பேனாவை எடுத்தேன். பதினேழு என்று போடக் கை வரவில்லை. நான் ஒருநாளும் எட்டப்போகாத எண்ணாக இருக்கட்டும் என்று நூறு போட்டு வட்டமிட்டேன். அந்த நேரத்திலும் என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். சாட்சியில் பொய் கூடாது.

உறையை என் ஓட்டுநர் டில்லிபாபுவிடம் கொடுத்தேன். முத்தாபுதுப்பேட்டைக்காரர். கணுக்கால் சுளுக்கி வீங்கியிருந்ததால் அன்று வண்டி ஓட்டவில்லை.

"நான் வரலைன்னா மட்டும் போடு" என்றேன்.

"இன்னா சார் பேச்சு இது? வந்துட்டு பேசிக்கலாம், போ சார்" என்றார். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்.

எட்டாவது கிலோமீட்டரில் குண்டு விழுந்தது. குதித்து ஓடினோம். மூன்று லாரிகளும் எரிந்தன, வயர்லெஸ்ஸும் அவற்றோடு எரிந்தது. ஆண்டவர் கிருபையால் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. என் வீரத்தழும்பு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. சாலையை விட்டு ஓடையோரமாக ஒளிந்து ஒளிந்து நடந்ததில் முகாமுக்குத் திரும்ப மூன்று நாள் ஆயிற்று.

வாசலில் டில்லிபாபு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சல்யூட் வைக்கவில்லை.

"இன்னா சார், உசுரோட கீறீங்க?"

"ஏன், ஆட்சேபணையா?"

"அய்யோ சார்... வண்டி எரிஞ்ச போட்டோ வந்துச்சி சார். ஒருத்தர் கூட தேறலன்னாங்க. நான் லெட்டர..." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நேத்து காலைல போட்டுட்டேன் சார். அழுதுகினே போட்டேன் சார்."

அவரைத் திட்ட முடியுமா? சொன்னதைத்தானே செய்திருக்கிறார். என் பட்டாள வாழ்க்கை முழுவதிலும் சொன்னதை அவர் சொன்னபடி செய்த ஒரே நாள் அதுதான்.

சகோதர சகோதரிகளே, நான் பயந்தது குண்டுக்கு அல்ல, இதற்கு. முந்தின வருடம்தான் சுகந்திக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். மகள் பெங்களூரில் வேலை. வீட்டில் அவள் தனி. அந்த உறையை அவள் பிரித்துப் படிக்கிற காட்சி கண்ணுக்குள் வந்துவிட்டது. மேலதிகாரியிடம் போய்க் கெஞ்சினேன். ராணுவ இணைப்பில் சொந்தச் செய்தி போகாது என்றார். அவர் சொன்னது விதி. அதே விதியை எத்தனையோ சிப்பாய்களிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

அப்புறம்தான் ஜெபம். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் மேலதிகாரி, அவர் கைவிரித்த பிறகு கர்த்தர். அதுவரை என் விசுவாசத்தையெல்லாம் மனைவி பேரில் போட்டுவைத்திருந்தவன் நான். அவள் உபவாசம் இருப்பாள், நான் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு ஆமென் சொல்வேன். புத்தகங்கள் நிறையப் படித்தவன் என்ற திமிர் வேறு. அன்று ஸ்டோர் கூடாரத்தில் பருப்பு மூட்டைகளுக்கு நடுவே முட்டி போட்டேன். ஜெபிக்கத் தெரியாததால் உத்தரவு எழுதுவதுபோல் ஜெபித்தேன். "ஆண்டவரே, அந்தக் கடிதம் போய்ச் சேரக் கூடாது. மழை, மண்சரிவு, எலி, எதுவானாலும் சரி. ஒரு ஆடு தின்றாலும் போதும்." எப்படித் தொலைக்கலாம் என்று கர்த்தருக்கே யோசனை சொல்லிக்கொடுத்தேன். எட்டு நாள் தினமும் இதே ஜெபம். கடைசி இரண்டு நாள் வார்த்தையே வரவில்லை. "சுகந்தி, சுகந்தி" என்று பேரைச் சொன்னதோடு சரி.

எட்டாம் நாள் மத்தியானம், ஆளுக்கு மூன்று நிமிடம் என்று போன் கொடுத்தார்கள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன்.

"அலோ, யாருங்க?"

"நான்தான்" என்றேன். குரல் வரவில்லை.

"ஏங்க! இன்னா குரல் இது, சளி புடிச்சிருக்கா? இருக்கட்டும், முதல்ல இத சொல்லுங்க. பதினேழு எங்க?"

எனக்குப் புரியவில்லை. "சுகந்தி, ஒரு லெட்டர் வந்துச்சா?"

"வந்துச்சி, நூறுன்னு போட்டு. பதினாறுக்கு அப்புறம் நூறா? எண்ணத் தெரியாத ஆளெல்லாம் எப்படித்தான் ஆபீசர் ஆக்குறாங்களோ!"

"படிச்சியா?"

"நடுவுல இன்னும் எண்பத்திமூணு லெட்டர் வரணும், எப்டிப் பிரிக்கறது? பைபிள்ள வச்சிக்கீறேன்."

நான் பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். மூன்று நிமிடத்தில் இரண்டு அதிலேயே போயிற்று.

இதோடு நின்றிருந்தால் இதை அவளுடைய பிடிவாதம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஒரு விஷயம் என்னைக் குடைந்தது. எங்கள் முகாமிலிருந்து கடிதம் சேக்காட்டுக்கு வரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். பதினாறு கடிதமும் அப்படித்தான் வந்தன. தொலைந்துபோ என்று நான் ஜெபித்த இந்த ஒன்று மட்டும் நான்கே நாளில் வந்திருக்கிறது. ஏன் இந்த அவசரம்? லீவில் வீட்டுக்கு வந்தபோதுதான் விடை கிடைத்தது. சொன்னது டில்லிபாபுவின் மனைவி கஸ்தூரி. போனில் சுகந்தி இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அந்த எரிந்த லாரிப் படம் எப்படியோ வெளியே கசிந்து, பட்டாளத்து வீட்டுப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. ஒருவரும் பிழைக்கவில்லை என்ற எழுத்தோடு. எங்கள் வண்டி எண் அதில் தெளிவாகத் தெரிந்தது. அந்த வண்டியை ஓட்டுவது தன் புருஷன் என்றுதான் கஸ்தூரிக்குத் தெரியும். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் அழுதுகொண்டே எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். சுகந்தியும் படத்தைப் பார்த்திருக்கிறாள். உறை வந்து ஒரே ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

"அக்கா மூஞ்சி வெளுத்துப்போச்சி சார்" என்றாள் கஸ்தூரி. "நெஞ்சப் புடிச்சிகினு ஒக்காந்துட்டாங்க. எனக்கு இன்னா பண்றதுன்னே தெரில. அப்புறம் எந்திரிச்சிப் போயி பைபிள்லேர்ந்து அந்தக் கவர எடுத்தாந்தாங்க. 'இங்க பாரு கஸ்தூரி, நூறுன்னு போட்டுக்கீறாரு. இன்னும் எண்பத்திமூணு எழுத வேண்டியது கீது. எங்க ஊட்டுக்காரு வேலைய பாதில வுட்டுட்டுப் போற ஆளு இல்ல. அவரு இருந்தா ஒன் டிரைவரும் இருப்பாரு. மூஞ்சி கழுவு, தோச ஊத்துறேன்'னாங்க சார்."

அந்த ஞாயிறு ஆராதனையில் அவள் இந்த உறையைத் தூக்கிக் காட்டிச் சாட்சி சொன்னது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நீங்கள் எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். எதற்குச் சொன்னீர்கள் என்று இன்றுதான் உங்களுக்கே தெரிகிறது.

நான் கேட்டபடி அந்தக் கடிதம் தொலைந்திருந்தால்? அந்தப் படம் வந்த அன்று அவள் கையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது. நான் எதற்குப் பயந்து முட்டி போட்டேனோ அதையே அவளைத் தாங்கும் தூணாக அனுப்பியிருக்கிறார். என் யோசனை எதையும் கர்த்தர் ஏற்கவில்லை. பேரை மட்டும் சொன்ன அந்த இரண்டு நாள் ஜெபம் எதற்கு என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அதற்குள் பதில் கொடுத்து முடித்திருந்தார்.

உறையைத் திருப்பிக் கேட்டேன். தரவில்லை. நான் ஓய்வு பெற்று வந்த பின் கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு வந்த டில்லிபாபு, மனசு தாங்காமல், அது என்ன கடிதம், ஏன் போட்டார் என்று எல்லாவற்றையும் அவளிடம் உளறிவிட்டார். சுகந்தி கேட்டுக்கொண்டே அவர் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தாள். எல்லோரும் போன பிறகு, "மிச்சத்த எழுதுங்க" என்றாள்.

"ஊட்லதானே கீறேன், எதுக்கு லெட்டர்?"

"வரிசை வரணும்."

அன்றிலிருந்து வாரம் ஒரு கடிதம் எழுதுகிறேன். எங்கள் சாப்பாட்டு மேஜையில் எழுதி, தெருமுனைப் பெட்டியில் போடுகிறேன். அது ஊரைச் சுற்றிவிட்டு அதே மேஜைக்கு வந்து சேர்கிறது. தபால்காரர் என்னைப் பார்க்கும் பார்வையை நான் சகித்துக்கொள்கிறேன். அந்தக் கடைசிக் கடிதத்தில் எழுதியதையெல்லாம் ஒவ்வொன்றாக, உயிரோடு இருக்கும்போதே, இவற்றில் சொல்லி முடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை உபவாசத்திலும் உட்காருகிறேன். கறிக்குழம்பு சனிக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. எல்லையில் பிள்ளைகளை வைத்திருக்கும் வீட்டாரின் ஜெபக் குறிப்புகளை ஒரு நோட்டில் எழுதிவைத்து வாசிக்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் பேரைக் கொடுங்கள். எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தராதீர்கள், எட்டு நாள் முயன்று பார்த்தவன் சொல்கிறேன். பேர் மட்டும் போதும்.

மூன்று மாதம் முன்பு தொண்ணூற்றொன்பதைப் போட்டேன். அது வந்த அன்று அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். சுகந்தி படித்தாள், மடித்தாள், பைபிளைத் திறந்தாள். நூறாவது உறையை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். மறுபடி உள்ளே வைத்து மூடினாள்.

"எங்க கம்பெனில நடுவுல ஒண்ணு சேக்கணும்னா ஏ, பி, சி-ன்னு போடுவோம்" என்றாள். "அடுத்தது 99-ஏ. நல்லா எழுதுங்க."

நேற்று 99-எல் போட்டுவிட்டு வந்தேன்.