ஆத்தாளைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்

சுதந்திரம் வந்த மறு வருஷம் என் கழுத்துல ஒரு கட்டி வந்துதுங்க. வலி இல்லை. நெல்லிக்காய் அளவுல இருந்தது எலுமிச்சம்பழமாச்சு. அப்புறம் அக்குள்லயும் வந்துது. தினமும் காய்ச்சல். பென்னாகரத்துக்குப் பக்கத்துல எங்க மானாவாரிக் காட்டுல கேழ்வரகு அறுப்புக்கு நிக்குது, எனக்கு அருவாள் புடிக்கத் தெம்பில்லை. மக அப்போதான் நடை பழகறா.

என் வூட்டுக்காரரோட அண்ணன்தான் மாரியம்மன் கோயில் பூசாரி. "இது ஆத்தா கோவம். ஊசி போட்டா குடும்பமே தாங்காது"ன்னுட்டார். நான் போனப்புறம் மகளை யார் வளக்கறதுன்னு என் காதுபடவே பேசுனாங்க. அழுதேன். அழுது முடிச்சதும் கோவம்தான் வந்துது.

கோயிலுக்குப் போய் ஆத்தா முன்னால நின்னேன். "நீ இதைக் குடுத்தேன்னு நான் நம்பல. பெத்தவ புள்ளை கழுத்தை நெரிக்க மாட்டா. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீயும் கூட வரணும்"னு சொன்னேன். கெஞ்சல. குங்குமத்தை நானே அள்ளி நெத்தி நெறைய வெச்சுக்கிட்டேன்.

கெளம்பறப்ப பூசாரி மூத்தாரு வழி மறிச்சார். "ஆத்தாளை மீறிப் போறியா?"

"இல்லைங்க மாமா. கூட்டிக்கிட்டுப் போறேங்க."

என் வூட்டுக்காரர் மகளைத் தோள்ல தூக்கிக்கிட்டு முன்னால நடந்தார்.

பஸ்ஸும் ரயிலும் மாறி ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா கட்டியில துளி வெட்டிப் பாத்துட்டு, புத்துநோய்ன்னாங்க. "கப்பல்ல ஒரு புது மருந்து வந்திருக்கு. உலகச் சண்டைக்குச் செஞ்ச விஷப்புகையோட வகையறா. கட்டியை அடிக்கும், உங்களையும் அடிக்கும். குணமாகும்னு வாக்குக் குடுக்க முடியாது."

"யாரு முதல்ல விழறோம்னு பாத்துரலாங்க. போடுங்க"ன்னேன்.

நரம்புல ஏத்துனாங்க. குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி. முடி கொத்துக் கொத்தா கொட்டுச்சு. "மொட்டைதானே, எடுத்துக்க ஆத்தா. உசுரைத் தொடாதே"ன்னு சண்டை போட்டேன். ஒரு நாள் காலையில கழுத்தைத் தடவுனேன். கல்லாட்டம் இருந்தது மெத்துன்னு இருந்துது. அப்புறம் கரைஞ்சே போச்சு.

அந்த மருந்து என்னதான் பண்ணுச்சுன்னு டாக்டரம்மா பல வருஷம் கழிச்சுத்தான் எனக்கு வெளங்க வெச்சாங்க. உடம்புல ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளயும் டி.என்.ஏ.ன்னு ஜோடி இழை இருக்காம். அணு ஒண்ணு ரெண்டாகணும்னா இழை ரெண்டும் பிரியணும். மருந்து போய் ரெண்டையும் சேத்துக் கட்டிப் போட்டுருது. பிரிய முடியாம அணு செத்துருது. கட்டியில இருக்கற அணு ஓயாம பெருகறதால அதுக்குத்தான் அடி அதிகம். முடி வேர்லயும் குடலோட உள்தோல்லயும் அணு வேகமா பெருகறதால அதுகளுக்கும் அடி விழுதாம்.

மறு வருஷம் கட்டி திரும்ப வந்துது. நானும் திரும்பப் போனேன். அதுக்கப்புறம் அது வரவேயில்லை. "நெறைய பேருக்கு இந்த மருந்துல சில மாசம்தான் கெடைச்சுது. உங்களுக்கு மட்டும் ஏன்னு தெரியல"ன்னாங்க டாக்டரம்மா. எனக்குத் தெரியுமுங்க.

மூத்தாரு தான் சொன்னது தப்புன்னு கடைசி வரைக்கும் ஒத்துக்கல. நானும் கேக்கல. யாருக்குக் கட்டின்னு கேள்விப்பட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்கன்னு அவங்க வூட்டு வாசல்ல போய் நிப்பேன். என் மக கல்யாணத்தைக் கண்ணால பாத்தவ நான். எனக்கு இனி யார்கிட்ட பயம்?

உங்க உடம்புல ஒண்ணு முளைச்சா மறைக்காதீங்க. பாவம், சாபம்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. ஆத்தா மேல பாரத்தைப் போடுங்க. போட்டுட்டு பஸ் ஏறுங்க.